இரவல் சிட்டு

சவுரிராயன் விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி பதினொன்று. ஒரு மணி வண்டியில் அவன் திண்டிவனம் திரும்பியாக வேண்டும். தனியாக அல்ல, அக்காள் ஜெயம்மாளோடு.

ரயில்வே லைனுக்குப் பின்னால் இருந்த வரிசையில் கடைசிக் குடிசை அவர்களுடையது. ஜெயம்மாள் வாசலில் உட்கார்ந்து கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். வேலை நாளில் தம்பி வந்து நிற்பதைப் பார்த்ததும் முறம் நின்றுவிட்டது.

"இன்னாடா, வேலையிலருந்து உட்டுட்டாங்களா?"

"இன்னும் உடலக்கா. இன்னைக்கி சாயங்காலம் உட்டுடுவாங்க போல."

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவனுக்கு அந்த வேலை கிடைத்தது. கிடைத்த விதம் வெளியே சொல்லிக்கொள்ளக் கூடியதல்ல.

ஜெயம்மாளின் புருஷன் அந்தோணிசாமி, விழுப்புரத்தில் ரயில்வே இஞ்சினியர் துரையிடம் ஆறு வருஷம் பட்லராக இருந்தவன். துரைக்குத் திருச்சிக்கு மாற்றலானபோது, அந்தோணிசாமியைப் புகழ்ந்து இங்கிலீஷில் ஒரு சிட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்படி ஒரு சிட்டு இல்லாதவனை எந்தப் பங்களா வாசலிலும் சேர்க்க மாட்டார்கள். ஆனால் அதை எடுத்துக்கொண்டு வேறு வேலை தேடுவதற்குள், போன ஆனி மாதம் மார்ச்சளி கண்டு அந்தோணிசாமி இறந்துபோனான். சிட்டு பிஸ்கோத்து டப்பாவிலேயே கிடந்தது.

சவுரிராயன் திண்டிவனத்தில் மல்லாட்டை கிடங்கில் வேர்க்கடலை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஒரு நாள் அடுக்கிலிருந்து மூட்டை சரிந்து தோளில் விழுந்தது. அதற்குப் பிறகு வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. வீட்டில் அவன், பெண்சாதி பவுனு, மூன்று குழந்தைகள், ஜெயம்மாள் என்று ஆறு வயிறு. மல்லாட்டை கம்பெனி துரைக்குப் பட்லர் வேண்டும் என்று கேள்விப்பட்டபோது, டப்பாவைத் திறந்து சிட்டை எடுத்து நீட்டியது ஜெயம்மாள்தான்.

"செத்தவருக்கு இனிமே இன்னாத்துக்குடா வேலை? நீ எடுத்துக்கினு போ."

அன்றிலிருந்து அந்தப் பங்களாவில் சவுரிராயனுக்குப் பெயர் ஆண்டனி. மாமன் அந்தோணிசாமி சமையல் செய்யும்போது எடுபிடியாக நின்று பார்த்த பழக்கத்தில் ஆம்லெட்டும் கட்லெட்டும் கோழிக் குழம்புமாகச் சமாளித்துக்கொண்டிருந்தான். சிட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது, அக்காளுக்கும் தெரியாது. இன்று காலையில்தான் தெரிந்தது.

"அதுல சூப்பு பத்தி எழுதிக்கிதாம்க்கா. 'ஆண்டனி வெக்கிற உருளைக்கிழங்கு சூப்பு மாதிரி சீமையிலகூட நான் சாப்ட்டதில்ல'ன்னு. கம்பெனி தொரை காலையில படிச்சிக் காட்டிட்டு, சாயங்காலம் அதை வெய்யின்னு சொல்லிட்டாரு."

"வெச்சாப் போச்சு. இதுக்கா இவ்ளோ தூரம் வந்த?"

"விருந்துக்கு வர்றது யாருன்னு கேளு. சிட்டு எழுதின தொரையேதான். மெட்ராசுக்குப் போற வழியில எறங்குறாராம்."

ஜெயம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆறு வருசம் அவரு மூஞ்சியப் பாத்த தொரைடா. உன்னப் பாத்தா அடுத்த நிமிசம் தெரிஞ்சிடும்."

"அதனாலதான் ஜொரம்னு சொல்லிட்டேன். நான் பின்னால ரூம்ல படுத்துக்குவேன். சூப்பு வெக்க என் சம்சாரத்தக் கூட்டியாறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"பவுனையா? அவளுக்கு சுடுதண்ணி வெச்சாலே அடிப்புடிக்குமேடா."

சவுரிராயன் தரையைப் பார்த்தான். "பவுனு இல்லக்கா. அந்தோணிசாமி சம்சாரம்."

முறம் பறந்து வந்து அவன் முதுகில் விழுந்தது. கேப்பை வாசல் முழுக்கச் சிதறியது.

"கூடப் பொறந்தவள பொண்டாட்டின்னு சொல்லிட்டு வந்து நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பள."

"உன் பேர நான் சொல்லலக்கா. 'ஆண்டனி வைஃப்'னுதான் சொன்னேன். நீ அதானே? அதுல பொய் ஒண்ணும் இல்லியே. இஞ்சினியர் தொரைக்கு உன்னையும் அடையாளம் தெரியும். வேற யாரு போனாலும் மாட்டிக்குவோம். பொய்ச் சிட்டுன்னு தெரிஞ்சா வேலை போறது மட்டுமில்ல, போலீசுல புடிச்சிக் குடுத்துடுவாங்க."

குடிசைக்குள்ளிருந்து பவுனு வந்து வாசற்படியில் நின்றாள். இடுப்பில் சின்னது, காலைப் பிடித்துக்கொண்டு நடுவுலது. குனிந்து கேப்பையைக் கூட்டி அள்ள ஆரம்பித்தாள்.

ஜெயம்மாள் உள்ளே போய்ப் பிஸ்கோத்து டப்பாவைத் திறந்தாள். சிட்டு இருந்த இடத்துக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதற்குள் அவளுடைய தாலி. கல்லறைத் தோட்டத்தில் கழற்றியது. பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வாடா, வண்டி போயிடும்."

*

அந்தோணிசாமியின் சூப்பைப் பற்றி இஞ்சினியர் துரைக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அதை வைத்தது அந்தோணிசாமி அல்ல. பங்களாவுக்குப் பின்னால் இருந்த அவர்கள் குடித்தன அறையில், தன் அடுப்பில், ஜெயம்மாள்தான் வைப்பாள். ஒரு முறை இஞ்சினியர் துரையின் சிநேகிதர் வீட்டு ஆயா வாயால் சொன்னதைக் கேட்டு, நாலைந்து தடவை வைத்துப் பார்த்துப் பழகிக்கொண்டது. அவள் இறக்கி வைத்ததும் அந்தோணிசாமி ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பான். உப்பு மட்டும் அவன் போடுவான். "தொரை சாப்பாட்டுல ருசி பாக்குற நாக்கு ஒண்ணுதான் இருக்கணும்" என்பது அவன் சட்டம். அதனால் ஆறு வருஷம் அந்தச் சூப்பை வைத்தவள் ஒரு நாளும் அதை வாயில் வைத்ததில்லை.

திண்டிவனம் பங்களாவின் சமையல்கட்டு பெரிய கட்டடத்திலிருந்து இருபது கஜம் தள்ளி இருந்தது. அவர்கள் உள்ளே நுழையும்போது மணி மூன்று. தோட்டக்காரன் பச்சைமுத்து பூவரச மரத்தடியில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பட்லர் வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கிக் கொடுக்க நினைத்தவன் அவன். சிட்டு ஒன்றுதான் குறுக்கே வந்துவிட்டது.

"இதான் பட்லரு சம்சாரமா?" என்றான். "மூணு வாரமா கண்லயே காட்டலியே. மஞ்சக்கயிறு எங்க காணோம்?"

"மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க நாங்க. எங்க தாலி உங்க கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஜெயம்மாள் நிற்காமல் உள்ளே போனாள்.

சவுரிராயன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்து அறையில் படுத்தான். இன்றைக்கு மேஜையில் பரிமாறப் போவது பச்சைமுத்து என்று துரை உத்தரவு போட்டிருந்தார்.

மற்ற பதார்த்தங்களை முடித்துவிட்டு ஜெயம்மாள் சூப்புக்கு வரும்போது மணி ஐந்து. கிழங்கு பெங்களூரிலிருந்து வந்தது. கையில் எடுத்தால் கூழாங்கல் மாதிரி உறுதியாக இருந்தது. எட்டு கிழங்குகளைத் தோலோடு அலுமினியத் தேக்சாவில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். நாலை மிச்சம் வைத்தாள். மிளகை வெந்நீரில் ஊறப் போட்டாள். கறுப்புத் தோலை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் வெள்ளையைத்தான் பொடிக்க வேண்டும். சூப்பில் ஒரு கறுப்புப் புள்ளிகூடத் தெரியக் கூடாது. வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து வெண்ணெயில் போட்டு, சிவக்கவிடாமல், அடுப்பை விட்டுத் தள்ளி வைத்தே வதக்கினாள்.

பால் காய்ச்சப் பாத்திரம் பார்த்தபோதுதான் சிக்கல் வந்தது. இருந்த பித்தளைத் தேக்சாவில் ஈயப்பூச்சு தேய்ந்து அடி மஞ்சளாகத் தெரிந்தது. அதில் பால் வைத்தால் கெட்டுப்போகும்.

"வேற ஏனம் இல்லியாடா?"

சவுரிராயன் தன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மண்சட்டியை எடுத்து நீட்டினான்.

"இதுல இன்னா வெச்சிக்கினு இருந்த?"

"நல்லா தேச்சுக் கழுவினதுக்கா. கவலைப்படாத."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டி சுத்தமாகத்தான் தெரிந்தது. ஜெயம்மாள் ஒரு படிப் பாலையும் அதில் ஊற்றினாள். சூடேறி ஓரத்தில் நுரை கட்டும்போது மூக்கில் அந்த வாசனை ஏறியது. அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கமான வாசனை. கூழ்.

அடுத்த நிமிஷம் பால் திரிந்தது. வெள்ளைத் திப்பிகள் பச்சை நிறமான தண்ணீரில் மிதந்தன.

"பாவி. கூழு புளிக்க வெச்ச சட்டியாடா இது?"

சவுரிராயன் கம்பளியோடு ஓடி வந்து எட்டிப் பார்த்தான். பங்களாவில் கிடைக்கும் சாப்பாட்டில் அவனுக்கு வயிறு நிறையவில்லை. மூன்று வாரமாக ராவெல்லாம் கேப்பைக் கூழைப் புளிக்க வைத்துக் காலையில் குடித்துக்கொண்டிருந்தான். எத்தனை தேய்த்தாலும் அந்தப் புளிப்பு மண்ணை விட்டுப் போகாது. துரைக்குப் பயந்து அதை அக்காளிடம்கூட அவன் சொல்லவில்லை.

மணி ஆறு ஆகப்போகிறது. ஏழரைக்குச் சாப்பாடு. பால்காரன் இனி காலையில்தான் வருவான்.

"தோட்டக்காரன் மாடு வெச்சிக்கிறானே" என்றாள் ஜெயம்மாள். "ஜல்தியா போ. கால்ல உழுந்தாவது வாங்கியா."

பச்சைமுத்து பின்கட்டுக் கொட்டகையில் அப்போதுதான் கன்றை அவிழ்த்துவிட்டு மடியில் கை வைத்திருந்தான்.

"ஜொரம் வந்தவன் இப்டி ஓடியார்றியே பட்லரே."

"தொரை விருந்துக்குப் பாலு வேணும். எங்களுது திரிஞ்சுபோச்சு."

"கன்னுக்கே பத்தல."

"சூப்பு இல்லன்னா தொரை யாரக் கேப்பாரு? மாடு வெச்சிக்கினு குடுக்கலன்னு உன்னத்தான் கேப்பாரு."

பச்சைமுத்து சற்று யோசித்தான். பிறகு முனகிக்கொண்டே கறக்க ஆரம்பித்தான். செம்பு நிறைந்து வழியப் போவதைப் பார்த்ததும் சவுரிராயனுக்கு நிம்மதியில் எல்லாம் மறந்துவிட்டது. சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அக்கா, இன்னொரு ஏனம் எடுத்தா."

"இன்னாடா, கெடச்சுதா?" என்று அங்கிருந்து பதில் வந்தது.

மடியில் இருந்த கை நின்றது. பச்சைமுத்து திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"பொண்டாட்டிய அக்கான்னு கூப்புட்ற ஆள இன்னைக்கித்தான் பாக்குறேன்."

"ஜொரத்துல வாய் கொளறிக்கிச்சு."

"ஜொரம் உனக்கு. 'இன்னாடா'ன்னு கேட்டாளே, அவளுக்குமா ஜொரம்?"

சவுரிராயன் செம்புக்காகக் கையை நீட்டினான். பச்சைமுத்து பால் செம்பை அவன் கையில் கொடுத்தான். கேட்டதற்கு மேலேயே கொடுத்தான். அவன் சிரித்தவிதம்தான் சரியாக இல்லை.

*

"தெரிஞ்சுபோச்சுக்கா. மேஜைக்குப் போறவன் அவன்தான். தொரைகிட்ட சொல்லிடுவான்."

"சொன்னா சொல்றான். வேலையப் பாரு. கிழங்க உரி."

சூடு ஆறுவதற்குள் உரிக்க வேண்டும். ஆறினால் பசையாகிவிடும். இருவருமாக விரலைச் சுட்டுக்கொண்டு உரித்தார்கள். ஜெயம்மாள் மாவுச் சல்லடையைக் கவிழ்த்து, மரக்கரண்டியின் முதுகால் கிழங்கைத் தேய்த்துத் தேய்த்து இறக்கினாள். அடியில் பூப்போல விழுந்தது. வெங்காயத்தையும் அப்படியே சல்லடையில் தேய்த்தாள். அலுமினியத் தேக்சாவைக் கழுவி அதில் பாலைக் காய்ச்சி, மேலே படிந்த ஏட்டைத் தனியே எடுத்து அடித்து வைத்தாள். பிறகு பாலைக் கிழங்கில் ஒரு கரண்டி ஒரு கரண்டியாக விட்டு, ஒரே பக்கமாகக் கிளறினாள். கட்டி விழுந்துவிட்டால் மறுபடி வைக்க நேரமில்லை. அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். கொதிக்கக் கூடாது, ஆவி மட்டும் வர வேண்டும். கரண்டியைத் தூக்கிக் கவிழ்த்தபோது அதன் முதுகில் வெள்ளையாக ஒரு போர்வை நின்றது. விரலால் கோடு இழுத்தாள். கோடு மூடிக்கொள்ளவில்லை.

பதம் வந்துவிட்டது. ஏட்டைக் கலந்து மிளகுப் பொடியைத் தூவினாள். உப்பு மரவையைக் கையில் எடுத்ததும் தயங்கினாள்.

"உங்க மாமன் எவ்ளோடா போடுவாரு?"

"நானா பாத்தேன்? ருசி பாத்துப் போடுக்கா."

கரண்டியை வாய்வரை கொண்டு போனாள். வைக்க மனசு வரவில்லை. அதிகமானால் எடுக்க முடியாது என்று எண்ணி, கொஞ்சமாகக் கிள்ளிப் போட்டுக் கலக்கினாள். ஒரு பங்கைப் பீங்கான் பாத்திரத்தில் ஊற்றினாள். பச்சைமுத்து தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து எடுத்துப் போனான்.

ஜெயம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கூப்பிட்டால் வெறுங்கழுத்தோடு போக முடியாது. சிலுவை பதித்த தாலியைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டாள். சவுரிராயன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

சாப்பாட்டு அறையின் பின்கதவு இடுக்கில் நின்று பார்த்தாள். இஞ்சினியர் துரை கொஞ்சம் பருத்திருந்தார். சத்தமாக எதையோ சொல்லிக்கொண்டே கரண்டியை வாயில் வைத்தார். பேச்சு பாதியில் நின்றது. அதற்குப் பிறகு தட்டு காலியாகும்வரை அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கம்பெனி துரை பச்சைமுத்துவிடம் விரலை அசைத்தார்.

"உன்ன கூப்புட்றாங்க" என்று கதவைத் திறந்தான் பச்சைமுத்து.

இஞ்சினியர் துரை அவளை அடையாளம் கண்டுகொண்டார். "ஆண்டனி வைஃப்" என்று தன் சிநேகிதரிடம் சொன்னார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "சூப்பு அதே சூப்பு. உப்பு மட்டும் கம்மி. ஆண்டனி கை இல்லை. ஜுரம் எப்படி இருக்கு?"

"தேவலைங்க."

"கொயினா மருந்து கொடுத்து அனுப்புறேன். அவனைப் படுத்திருக்கச் சொல்லு. இன்னும் ஒரு பிளேட் கொண்டு வா."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அவள் திரும்புவதற்காக ஒரு கால் எடுத்து வைத்தாள்.

"தொரை, ஒரு சமாச்சாரம்" என்றான் பச்சைமுத்து. "ஆண்டனி இந்தப் பொம்பளைய அக்கான்னு கூப்புட்றான். என் காதால கேட்டேன். இவ அவன வாடா போடான்றா."

கம்பெனி துரை பல வருஷம் மல்லாட்டை வியாபாரிகளோடு பேரம் பேசியவர். தமிழ் நன்றாகவே புரியும். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தார்.

"என்ன இது? பின்னால் ரூமில் படுத்திருக்கிறவன் உன் புருஷன்தானே?"

ஒரு 'ஆமாங்க' போதும். பச்சைமுத்து தங்களுக்கு ஆகாதவன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். பவுனுவும் மூன்று குழந்தைகளும் அந்த ஒரு சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயம்மாள் வாயைத் திறந்தாள். கழுத்தில் கிடந்த தாலி உறுத்தியது. அது வேறொருவன் கட்டியது. பின்னால் படுத்திருப்பவனுக்கு அவள் சோறு ஊட்டியிருக்கிறாள், மூக்கு சிந்திவிட்டிருக்கிறாள்.

"இல்லீங்க" என்றாள்.

கம்பெனி துரை கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அவன் என் கூடப் பொறந்த தம்பி. பேரு சவுரிராயன். என் வூட்டுக்காரரு போன ஆனியில செத்துட்டாரு. சிட்ட நான்தான் தம்பிகிட்ட குடுத்தேன். தப்பு என்னுது."

இஞ்சினியர் துரை மெதுவாகக் கேட்டார். "ஆண்டனி செத்துட்டானா?"

"ஆமாங்க."

"அப்போ இந்த சூப்பு?"

"நான் வெச்சதுங்க. விழுப்புரத்துலயும் நான்தான் வெச்சேன். உப்பு மட்டும் அவரு."

"ஆறு வருஷம். ஆண்டனி ஏன் என்கிட்ட சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலீங்க."

கம்பெனி துரைக்கு அந்த விசாரணையில் அக்கறை இல்லை. தன் வீட்டில் மூன்று வாரம் ஒருவன் செத்தவன் பெயரில் சம்பளம் வாங்கியிருக்கிறான். முகம் சிவந்துவிட்டது. போலீசைக் கூப்பிடட்டுமா என்று சிநேகிதரைக் கேட்டார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் பார்வை காலித் தட்டின் மேலேயே இருந்தது.

"இப்போதே வெளியே போக வேண்டும், இரண்டு பேரும்" என்றார் கம்பெனி துரை. "சிட்டு என்னிடம் இருக்கும். போகிறதுக்கு முன்னால் துரைக்கு இன்னொரு பிளேட் சூப்பு கொடுத்துவிட்டுப் போ."

ஜெயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தீந்துபோச்சுங்க."

அன்று அவள் சொன்ன பொய்களில் தட்டுத் தடங்கல் இல்லாமல் வந்தது இது ஒன்றுதான்.

*

திண்டிவனம் பிளாட்பாரத்தின் கோடியில், விளக்குக் கம்பத்துக்கு அடியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். விழுப்புரம் வண்டி வர இன்னும் அரை மணி இருந்தது. தாலி மறுபடி முந்தானை முடிச்சுக்குள் போய்விட்டது. அவர்களுக்கு நடுவில் சவுரிராயனின் கூழ்ச்சட்டி, துணியால் வாய் கட்டி வைத்திருந்தது.

"ஒரு ஆமாங்க சொல்லியிருக்கலாம்க்கா."

"நீ சொல்லியிருப்பியா?"

"பச்சைமுத்து மச்சான் நாளைக்கே வந்துடுவான். கிடங்குல போய்க் காவல் வேலையாவது கேக்குறேன்" என்றான்.

ஜெயம்மாள் சட்டியின் துணியை அவிழ்த்தாள். உள்ளே, தீர்ந்துபோனதாகச் சொன்ன மிச்சச் சூப்பு. தனிப் பாலாகக் காய்ச்சினால்தான் அந்தச் சட்டியில் திரியும். கிழங்கோடு சேர்ந்து இறுகிவிட்டதை இந்தக் கொஞ்ச நேரத்தில் சட்டி ஒன்றும் செய்துவிடவில்லை. லேசான புளிப்பு வாசனை மட்டும் ஏறியிருந்தது. ஒரு கை அள்ளித் தம்பிக்குக் கொடுத்தாள். இன்னொரு கை தன் வாயில் வைத்தாள்.

வாய்க்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்டிக்கா இருக்குது?"

"உப்பு கம்மிதான்" என்றாள். "தொரை சரியாத்தான் சொல்லிக்கீறான்."

இரண்டாம் கை அள்ளினாள். பிறகு மடியைத் தொட்டுப் பார்த்தாள். சமையல்கட்டில் மிச்சம் வைத்து, வரும்போது மடியில் கட்டிக்கொண்ட நாலு கிழங்கு கெட்டியாகக் கையில் தட்டுப்பட்டது.

"விழுப்புரம் ரயில்வே கிளப்புல சமையலுக்கு ஆள் கேட்டுக்கினு இருந்தாங்களே, இன்னும் எடுக்கலதானே?"

"நான் போய் இன்னாத்த காட்டுறது? சிட்டுதான் போயிடுச்சே."

"நீ போகல. நான் போறேன்."

"உன்கிட்ட மட்டும் சிட்டு கீதா?"

ஜெயம்மாள் நாலு கிழங்கையும் எடுத்துப் பிளாட்பாரத்தின் மேல் வரிசையாக வைத்தாள்.

"அடுப்பு அவங்களுது இருக்கும். உப்ப நானே ருசி பாத்துப் போட்டுக்குவேன்."

தூரத்தில் விழுப்புரம் வண்டிக்குக் கைகாட்டி இறங்கியது. அவள் கிழங்குகளை ஒவ்வொன்றாக மடியில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.